தொரைப்புல்லுக்கு வைத்த தீ

புதிதாகக் காட்டு வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் அதிகாரி என்னைப் பேசக் கூப்பிட்டார். அரை மணி நேரம் பேசினால் போதும் என்றார். அரை மணி நேரம் எனக்குத் தொண்டையைச் செருமி முடிக்கவே சரியாக இருக்கும், எழுதியே தந்துவிடுகிறேன் என்றேன். எழுத்தில் ஒரு வசதி உண்டு. நீங்கள் கொட்டாவி விட்டாலும் எனக்குத் தெரியாது.

குழி எவ்வளவு ஆழம், உரம் எப்போது என்றெல்லாம் இதில் தேடாதீர்கள். அதைச் சொல்லித்தர சம்பளம் வாங்கும் ஆட்கள் உங்களுக்கு இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு பைன் மரக் காட்டைப் பற்றி. காடு என்று பலகையில் எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால் ஒரு மரம்கூடத் தெரியாது. அதனால்தான் அத்தனை ரகளையும் நடந்தது.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷங்கள் அவை. நான் மலாக்காவின் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தேன். காட்டு ஆபீசில் ரேஞ்சர் வேலை. ஆபீஸ் லோரியை ஓட்டியவர் கம்போங் செட்டிக்காரரான கிருஷ்ணன், தமிழை மறந்து தலைமுறை பல ஆன மலாக்காச் செட்டிகளில் ஒருவர். நெற்றி நிறைய விபூதி, வாயைத் திறந்தால் மலாய். கோயிலில் அவர் கும்பிடுவதைப் பார்த்துவிட்டுத் தமிழில் குசலம் விசாரிக்கும் புது ஆட்களிடம், சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொல்லுவார். காலையில் அவர் லோரியில் ஏறினால் குருபோங் பக்கம் இறக்கிவிடுவார். இன்றைக்கு அங்கே தொழிற்சாலையும் வீடுகளுமாக இருக்கிறது. அன்றைக்கு ஒரு பக்கம் கித்தா என்கிற ரப்பர் மரம், மறுபக்கம் ஆள் உயரத்துக்கு லாலாங் புல். நடுவில் எங்கள் சோதனைக் காடு.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதை ஆரம்பித்தார். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் வளரும் நீள ஊசிப் பைன் மரத்தின் விதையை வரவழைத்து, நம் மண்ணில் வருகிறதா என்று பார்க்க நினைத்தார். அந்த மரத்தின் குணம் விசித்திரமானது. முளைத்த பிறகு வருஷக்கணக்கில் உயரவே உயராது. தரையோடு தரையாக ஒரு கொத்து நீள ஊசிகள் மட்டும் இருக்கும். பார்த்தால் அசல் புல். மேலே சோம்பேறி மாதிரி உட்கார்ந்திருக்கும். கீழே ஆணிவேர் இறங்கிக்கொண்டே போகும். வேர் போதும் என்று அதற்கே தோன்றிய பிறகுதான் தண்டு எழும்பும்.

துரை இதை எனக்குச் சொன்னார். நான் களை எடுக்கும் பெண்களுக்குச் சொன்னேன். அவர்கள் எல்லோரும் தோட்டத் துண்டாடலில் வேலை போனவர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பல் ஏறிய காலம் அது. வாங்கிய புது முதலாளிகள் பழைய ஆட்களை வேண்டாம் என்றார்கள். தோட்டத்து லயன் வீடுகளை விட்டு இறங்கி வந்தவர்கள், எங்களிடம் நாள் கூலிக்குச் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மண்டோர், அதாவது மேற்பார்வைக்காரி, பாக்கியம் அக்கா. என்னைவிட மூத்தவர். குரல் கொடுத்தால் கித்தாத் தோப்பின் மறுகோடிவரை கேட்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாக்கியம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“புல்லு மாதிரி இருக்கு, புல்லு மாதிரி நிக்குது. மரம்னு தொரை சொல்றாரு, அதனால மரம். அப்படித்தானங்கய்யா?”

“அப்படித்தான் அக்கா.”

“சரி. தொரைப்புல்லுன்னு வெச்சுக்குவோம்.”

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கிருஷ்ணன்கூட மலாய்ப் பேச்சுக்கு நடுவில் ‘தொரைப்புல்லு’ என்றுதான் சொல்லுவார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

முதல் கூத்து சீக்கிரமே நடந்தது. துரை வெளியூர் போயிருந்தார். எனக்கு ஒரு மரத் திருட்டு வழக்குக்காகக் கோர்ட்டில் வேலை. கிழக்கு வரிசைகளைச் சுத்தம் பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் கிழக்குப் பக்கம் கூடத்துத் தரை மாதிரி பளிச்சென்று இருக்கிறது. ஒரு பச்சை இல்லை. பெண்கள் இடுப்பில் கைவைத்து வரிசையாக நிற்கிறார்கள், பாராட்டுக்காக.

“தொரைப்புல்லு எங்க அக்கா?”

“எதுங்கய்யா?” என்றார் பாக்கியம் அக்கா. சொன்ன பிறகுதான் அவருக்கும் உறைத்தது. களைக் குவியலை ஓடிப்போய்க் கிளறினார். கொத்துக் கொத்தாக நீள ஊசிகள், வேர் பாதியில் வெட்டுப்பட்டுக் கிடந்தன.

அவர்களை எப்படித் திட்டுவது? கித்தாத் தோட்டத்தில் மரத்தடியில் ஒரு புல் தெரிந்தாலும் அன்றைய பேரை வெட்டி, கூலி இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து அப்படிப் பழகிய கை அது. மரம் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும், காலடியில் இருப்பதெல்லாம் களை. அதைத்தான் செய்தார்கள், மிக நன்றாகவும் செய்தார்கள்.

துரை திரும்பி வந்து பார்த்தார். வானம் இடிந்து விழப்போகிறது என்று நான் தள்ளி நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றி லோரிப் படியில் உட்கார்ந்தார். “இவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தால் அங்கே இருந்த பைன் காடு இன்னும் சீக்கிரம் அழிந்திருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். 

அன்றைக்கு அந்தப் படியில் உட்கார்ந்தே அந்தக் காட்டின் கதையைச் சொன்னார். ஒரு காலத்தில் குதிரையில் வாரக்கணக்கில் போனாலும் முடியாத காடாம். நம் காடு மாதிரி இருட்டாக இருக்காதாம். தள்ளித் தள்ளி உயரமான மரங்கள், கீழே வெயிலும் புல்லும். மின்னல் விழுந்து புல் அடிக்கடி பற்றி எரியும். அந்த மண்ணின் பழங்குடி மக்களும் கொளுத்துவார்கள். தீ வந்து மற்றச் செடிகளைத் தின்றுவிட்டுப் போகும், இந்த மரம் மட்டும் நிற்கும். பிறகு வெளியார் வந்தார்கள். மரத்தைக் கீறிப் பாலெடுத்துக் கப்பலுக்குக் கீல் காய்ச்சினார்கள். நம் ஆட்கள் கித்தா சீவுவதைப் பார்த்தபோது துரைக்கு அந்த ஞாபகம்தான் வந்ததாம். பிறகு இரயில் போட்டு வெட்டிக் கொண்டுபோனார்கள். அவர்கள் அவிழ்த்துவிட்ட பன்றிகள் கன்றுகளின் வேரைத் தோண்டித் தின்றன. மிச்சம் இருந்ததைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லித் தீயையும் தடுத்தார்கள். தீ நின்றதும் வேறு மரங்கள் புகுந்து இதன் வெயிலை மறைத்துக்கொண்டன.

“அப்படியானால் நாமும் கொளுத்தலாமா?” என்று கேட்டேன்.

துரை பதறிப்போனார். “அது அமெரிக்கா. இது மலாயா. இங்கே லாலாங்கில் தீப்பிடித்தால் என் வேலை போய்விடும்.”

கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மூங்கில் குச்சி நட்டோம். குச்சியோடு இருப்பது மரம், மற்றது புல். ஊர்க் காட்டுப்பன்றிகளுக்கும் அமெரிக்கச் செய்தி எப்படியோ எட்டிவிட்டதால் சுற்றிலும் முள்கம்பி போட்டோம். நீங்கள் ஒருவருக்கு உத்தரவு கொடுக்கும்போது, அந்த உத்தரவு அவர் இதுவரை பார்த்த வேலையில் என்னவாகப் போய் விழும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த ஒரு நிமிஷம் இல்லாததால்தான் எங்களுக்குக் கிழக்கு வரிசைகள் போயின.

மெர்டேக்கா வந்தது. ஊரே கொடியும் கூத்துமாக இருந்தது. துரை எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுக் கப்பல் ஏறினார். அவர் இடத்துக்கு மூவாரிலிருந்து ஒரு மலாய் அதிகாரி வந்தார். நாங்கள் துவான் என்போம். பெண்களுக்கு அவரும் தொரைதான். நல்ல படிப்பு, தேய்த்த சட்டை, நேர்மையான மனுஷன். ஆனால் வெள்ளைக்காரன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவர்களை அன்றைக்கு நாலு பக்கமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். அதனால் முகம் எப்போதும் இறுகியே இருக்கும்.

அவரைச் சோதனைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். பலகையைப் படித்தார். எட்டிப் பார்த்தார்.

“மானா போக்கோக்?” என்றார். மரம் எங்கே என்று அர்த்தம்.

நான் குச்சிகளைக் காட்டினேன். அவர் குனிந்து, ஊசிகளை விரலால் தள்ளிப் பார்த்து, நிமிர்ந்தார். இத்தனை வருஷமாகப் புல்லுக்கா களை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். இந்த மாதத்தோடு மூடிவிடுவோம் என்றும் சொன்னார். நான் வாயால் விளக்கினால் நம்பமாட்டார் என்று தோன்றியது. கடப்பாரை வாங்கி ஒரு கன்றைச் சுற்றித் தோண்டினேன். முழங்கை ஆழம் போனேன். வேர் முடியவில்லை. பாக்கியம் அக்காவும் மண்வெட்டியோடு இறங்கினார். இடுப்பளவு குழி விழுந்தும் வேர் கீழே போய்க்கொண்டே இருந்தது. துவான் சட்டை மடிப்பு கலைய மண்டியிட்டு உள்ளே பார்த்தார். பிறகு எழுந்து, கோலாலம்பூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வரும்வரை இருக்கட்டும் என்றார்.

அவர் ஜீப் மறைந்ததும் பாக்கியம் அக்கா என்னிடம் வந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். மூடறேன், மூடலன்னு இவங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் நாளைக்கு அடுப்பு எரியுமான்னு கணக்குப் போட வேண்டியிருக்கு. எங்க பேர மாசச் சம்பளத்துல ஏத்தச் சொல்லுங்களேன். நாள் கூலின்னா மழ பேஞ்சாலும் பட்டினி, தொரைக்குக் கோவம் வந்தாலும் பட்டினி.”

“பார்க்கலாம் அக்கா” என்றேன்.

இந்தப் ‘பார்க்கலாம்’ என்பதை நீங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். சொல்லுவதற்குச் சுலபமான வார்த்தை.

அடுத்த வெயில் காலம் கடுமையாக இருந்தது. லாலாங் காய்ந்து வைக்கோலாக நின்றது. ஒருநாள் மதியம், சாப்பிட்டுவிட்டுக் கித்தா நிழலில் உட்கார்ந்திருந்தோம். லோரியில் படுத்திருந்த கிருஷ்ணன் எழுந்து நின்று, “ஆப்பி! ஆப்பி சுடா டத்தாங்!” என்று கத்தினார். தீ வந்துவிட்டது என்கிறார். கடல் பக்கமிருந்து புகை உருண்டு வந்தது. யாரோ எங்கோ புதர் எரித்திருக்கிறார்கள், காற்று அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

லோரியில் ஒரு தொட்டித் தண்ணீர் இருந்தது. எங்கள் முன்னால் இரண்டு பக்கம். இடது பக்கம் எங்கள் சோதனைக் காடு. வலது பக்கம் ஒரு மலாய்க்காரரின் கொல்லை. பழைய மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுப் புதுக் கித்தாக் கன்று நட்டிருந்தார். அவர் குடும்பத்துக்கு இருந்ததே அதுதான். இரண்டையும் காப்பாற்ற ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை.

என் வேலை எங்கள் காட்டைக் காப்பது. அடுத்தவர் கொல்லை எரிந்தால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். எங்கள் காடு எரிந்தால் துவான் கேட்பார், பெரிய அதிகாரிகள் கேட்பார்கள். ஆனால் லோரிப் படியில் கேட்ட கதை மண்டைக்குள் நின்றது. கித்தாக் கன்று தீயில் செத்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. இந்தப் பைன் பிழைக்கும் என்று ஒரு துரை சொன்னார். அவரும் கண்ணால் பார்த்தவரில்லை. சொன்ன கையோடு தீயை மூட்டாதே என்று தடுத்தவரும் அவர்தான்.

“கொல்லைப் பக்கம் போ!” என்று கிருஷ்ணனிடம் கத்தினேன்.

பாக்கியம் அக்கா லோரிக்குக் குறுக்கே வந்து நின்றார். “ஐயா, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? நம்ம மரத்த எரியவிட்டுட்டு அடுத்தவன் கித்தாவுக்குத் தண்ணியா? இது போச்சுன்னா நாங்க எங்கங்கய்யா போவோம்?”

“அது பிழைச்சுக்கும் அக்கா.”

“யாரு சொன்னா?”

“தொரை சொன்னார்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கப்புறம் எத்தனையோ அதிகாரிகள் என்னை முறைத்திருக்கிறார்கள், ஒன்றும் அதற்கு ஈடில்லை. ஆனாலும் விலகினார். விலகியதோடு நிற்கவில்லை. பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கொல்லை ஓரத்துக்கு ஓடினார். பெண்கள் பின்னால் ஓடினார்கள். நனைத்த சாக்கும் கிளையுமாக அடித்து அடித்துத் தீயை வேலியோரம் நிறுத்தினோம். இடது பக்கம் எங்கள் காடு மடமடவென்று எரிந்தது. லாலாங் தீ வேகமாக வரும், வேகமாகப் போகும். முடிந்தபோது எங்களுக்கு மிஞ்சியது கரியும் கருகிய குச்சிகளும். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் இன்னும் முடியாத நேரம் என்பதால், புகையைப் பார்த்துவிட்டு போலீஸ் ஜீப் ஒன்றும் வந்து சேர்ந்தது. மரம் எரிந்தது என்றோம். எந்த மரம் என்று கேட்டார்கள். காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

துவான் வந்து பார்த்தார்.  நான் நடந்ததைச் சொன்னேன். எரிந்துவிட்டது என்று மேலே எழுதட்டுமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் துவான் என்றேன். எத்தனை நாள் என்றார். தெரியாது என்றேன்.  அவர் கருகிய குச்சி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, சரி, இப்போதைக்கு எழுதவில்லை என்றார். நேர்மையான மனுஷன் என்று அவரைச் சொன்னேன் அல்லவா, அன்றைக்கு அவர் எனக்குத் தைரியசாலியாகவும் தெரிந்தார். அவருடைய நாற்காலிதான் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

நான் தினமும் போனேன். குனிந்து கரியை ஊதிப் பார்ப்பேன். ஊசியெல்லாம் கருகியிருந்தது. ஆனால் கொத்தின் நடுவில் வெள்ளையாக, தடியாக ஒரு மொட்டு, ஒரு பூச்சிகூடக் கடிக்காததுபோல உட்கார்ந்திருந்தது. முதல் மழை விழுந்த சில நாளில் அது பச்சை கட்டியது. பாக்கியம் அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கரிக்காட்டில் ஆங்காங்கே பளிச்சென்ற பச்சைக் குஞ்சங்கள். எல்லாம் பிழைத்தது என்று சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் பிழைத்தது. கொஞ்ச காலத்தில் சில கன்றுகள் தலையைத் தூக்கிக்கொண்டு மேலே கிளம்பின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிற்காலத்தில் நம் ஊர் ஈரம் அந்த மரத்துக்கு ஒத்துவரவில்லை, ஆளுயரம் தாண்டி வந்ததும் கொஞ்சம்தான். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது, கவலையும் இல்லை.

துவானுக்கும் முகம் மலர்ந்தது. அவர் படித்தவர், விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். தீ களையை எல்லாம் தின்றுவிட்டது, மரம் நிற்கிறது. இனிமேல் நாமே காலம் பார்த்துக் கொளுத்திவிடலாம் என்றார். கோலாலம்பூர் அதிகாரிகள் வரும்போது கொளுத்திக் காட்டுவோம் என்றார். அதோடு சாதாரணமாக ஒரு வாக்கியம் சேர்த்தார்:

“இனிமேல் களை எடுக்க ஆள் தேவையில்லை.”

 தீயை நம்பி மரத்தை விட்டேன், மரம் பிழைத்தது. இப்போது அந்தத் தீயே பெண்களின் வேலையைப் பிடுங்கிக்கொண்டது. என் முடிவு சரியாகப் போனதால் அவர்கள் தெருவில் நிற்கப் போகிறார்கள். இப்படி ஒரு நிலைமை வரும் என்று நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

“துவான், தீ வைக்க யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான்.”

“தனியாளாகவா? சுற்றிலும் மண்ணைச் சுரண்டித் தீத்தடுப்புப் பாதை போட வேண்டும். வருஷம் முழுவதும் அதில் புல் முளைக்காமல் பார்க்க வேண்டும். கொளுத்தும்போது நாலு பக்கமும் சாக்கோடு நிற்க வேண்டும். புல்லை வெட்ட ஆள் வேண்டாம், தீயைக் கட்ட ஆள் வேண்டும்.”

யோசித்தார். கொளுத்தும் நாளுக்கு மட்டும் கூலிக்குக் கூப்பிடுங்கள் என்றார். பாதி வெற்றி என்று நினைத்துக்கொண்டு வந்து பாக்கியம் அக்காவிடம் சொன்னேன்.

“வருஷத்துல ஒரு நாளு தீ வெப்பீங்க. மத்த நாளு நாங்க என்னாங்கய்யா செய்யறது? மாசச் சம்பளம் கேட்டனே, தொரைகிட்ட சொன்னீங்களா?”

“பார்க்கலாம் அக்கா. முதல்ல இது நல்லபடியா முடியட்டும்.”

 அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாளும் வந்தது. விடிகாலையிலேயே பெண்கள் வந்து பாதையைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். கோலாலம்பூர் விருந்தாளிகள் கார்களில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். உள்ளூர்க்காரர்களால் இதெல்லாம் முடியுமா என்பதுபோல் ஒரு புன்னகை அவர் வாயோரத்தில் இருந்தது. துவான் புதுத் தொப்பி போட்டிருந்தார், உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மலாக்காவில் காலையில் காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் மெல்லப் போகும். வெயில் ஏறினால் திரும்பிக் கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும். காலைக் காற்றில் கொளுத்தினால் தீ மெதுவாக, எங்கள் பாதையை நோக்கிப் போய் அடங்கிவிடும். திரும்பிய பிறகு கொளுத்தினால் அந்த மலாய்க்காரரின் கொல்லைக்குள் பாயும். எங்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான்.

முதல் தீயைப் பாக்கியம் அக்கா வைப்பது என்று ஏற்பாடு. கையில் பந்தம் எரிந்துகொண்டிருந்தது. துவான் தலையை ஆட்டினார். அக்கா அசையவில்லை. நான், “வையுங்க அக்கா” என்றேன்.

“எங்க பேரு மாசச் சம்பளத்துல ஏறட்டும். வெக்கிறேன்” என்றார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகச் சொன்னார். பின்னால் நின்ற பெண்கள் சாக்குகளைக் கீழே போட்டார்கள்.

 “அக்கா, இதுவா நேரம்?”

“வேற எதுங்கய்யா நேரம்? நாளைக்கு நாங்க இங்க இருக்க மாட்டோம்.”

துவான் என் பக்கம் திரும்பினார். “அப்பா டியா சக்காப்?” என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார். விருந்தாளிகள் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். வெள்ளைக்காரரின் புன்னகை கொஞ்சம் விரிந்தது.

என்னிடம் இரண்டு மூன்று பொய்கள் தயாராக இருந்தன. காற்றைப் பார்க்கிறார் என்று சொல்லியிருக்கலாம். பயப்படுகிறார் என்று சொல்லிவிட்டுப் பந்தத்தை வாங்கி நானே வைத்திருக்கலாம். வைத்தால் எல்லாம் முடிந்துவிடும், துவான் மானம் பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும். அதே நேரத்தில் என் காதோரம் காலைக் காற்று நின்றுபோய், ஒரு அமைதி வந்தது. காற்று திரும்புவதற்கு முன்னால் அப்படித்தான் இருக்கும்.

நான் சொன்னேன். குறைக்காமல், பூசாமல், மலாயில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இவர்கள் மாதச் சம்பளம் கேட்கிறார்கள். வருஷம் முழுவதும் இந்தப் பாதையைக் காக்க ஆள் வேண்டும், ஆகவே கேட்பது நியாயம். கொடுத்தால்தான் தீ வைப்பார்கள்.

துவானின் முகம் சிவந்து, வெளுத்து, பிறகு பழைய நிலைக்கு வந்தது. கடல் பக்கம் ஒருமுறை பார்த்தார். லாலாங் நுனி அசையவில்லை. பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, நல்ல உரத்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்:

“இவர்கள் என்னுடைய தீயணி. அடுத்த மாதத்திலிருந்து மாதச் சம்பளத்தில் இருப்பார்கள். இந்த மாதிரிக் காட்டுக்கு வேறு வழி இல்லை.”

வெள்ளைக்காரர் புன்னகையை மடித்து வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

“என்ன சொல்றாரு?” என்றார் பாக்கியம் அக்கா. சொன்னேன்.

“அவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரா?”

“கேக்கற மாதிரிதான் சொன்னார்.”

அவர் குனிந்து பந்தத்தைப் புல்லில் வைத்தார். பெண்கள் சாக்குகளை எடுத்துக்கொண்டார்கள். தீ அழகாக, முணுமுணுத்துக்கொண்டு பாதை வரைக்கும் போய், அங்கே அடங்கியது. கடைசிப் புகை எழும்பும்போதுதான் கடல் காற்று வந்து முகத்தில் அடித்தது.

விருந்தாளிகள் போன பிறகு, கைகால் கழுவிக்கொண்டிருந்த பாக்கியம் அக்காவிடம் போய் நின்றேன். எனக்கு உள்ளுக்குள் கோபம் ஆறவில்லை. சந்தையில் மீன்காரரிடம் அவர் மலாயில் போடும் சண்டையை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

“உங்களுக்குத்தான் மலாய் நல்லா வருமே. நீங்களே நேரா தொரைகிட்ட கேட்டிருக்கலாமே. எதுக்கு என்னை மாட்டிவிட்டீங்க?”

அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் கேட்டா கூலிக்காரி கேட்டதா இருக்கும்ங்கய்யா. நீங்க சொன்னதாலதான் அது ஆபீஸ் சொன்னதாச்சு.”